தீபாவளித் துணி முடிந்ததும் ஆபரேஷன்

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, நடுவில் உங்கம்மா போனைப் பிடுங்கிக்கொள்ள, எதுவும் முடிவாவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஹெர்னியாவுக்கு, அதாவது குடலிறக்கத்துக்கு, ஆபரேஷன் செய்துகொள்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் நீ சொன்ன மதுரை ஆஸ்பத்திரியில் இல்லை, சின்ன ஓட்டை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பியும் இல்லை. இங்கேயே, கீறித் திறந்து செய்கிற ஓப்பன் ஆபரேஷன். தீபாவளித் துணியெல்லாம் தைத்துக் கொடுத்து முடித்த அடுத்த வாரம்.

உங்கம்மா பெல்ட் போட்டால் போதும் என்கிறாள். நீ நாளைக்கே போய்ப் படுங்கள் என்கிறாய். இரண்டு பேர் சொன்னதையும் டாக்டரிடம் அப்படியே ஒப்பித்தேன். சிரித்துவிட்டு, வட அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அளவு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். என்னைப் போல் தொடை இடுக்கில் குடலிறக்கம் இருந்து, தொந்தரவு அதிகமில்லாத 720 ஆண்களைச் சேர்த்தார்களாம். பாதிப் பேருக்கு ஆபரேஷன், மீதிப் பேர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது. 2006இல் முடிவு வந்தது. சும்மா இருந்தவர்களில் நாலில் ஒருவர் இரண்டு வருஷத்துக்குள் வலி தாங்காமல் தானாகவே ஆபரேஷனுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறமும் விடாமல் விசாரித்ததில், பத்து வருஷத்தில் 100க்கு 68 பேர் வந்துவிட்டார்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் என்றால் 79 பேர். ஆனால் குடல் மாட்டிக்கொண்டு அவசரமாக அறுக்க வேண்டிவந்தது மொத்தமே 3 பேருக்குத்தான். யாரும் சாகவில்லை.

இதில் உங்கம்மாவுக்கும் நியாயம் இருக்கிறது, உனக்கும் இருக்கிறது. காத்திருந்தால் ஆபத்து குறைவுதான். ஆனால் காத்திருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கடைசியில் அந்த மேஜையில்தான் போய்ப் படுத்திருக்கிறார்கள். எனக்கு 66 ஆகிறது. இன்னும் எட்டு வருஷம் கழித்து, சர்க்கரையோ இருதயமோ சேர்ந்துகொண்ட பிறகு படுப்பதை விட இப்போதே படுத்துவிடலாம். அதோடு, அவர்கள் சேர்த்தது தொந்தரவு அதிகமில்லாதவர்களை. நான் இப்போது அந்தக் கணக்கில் வரமாட்டேன். போன வருஷம் படுத்தால் தானே உள்ளே போய்விடும். இப்போது கையால் மெல்ல அழுத்தினால்தான் போகிறது. சாயங்காலம் மெஷினை மிதித்துவிட்டு எழுந்தால் கீழே எதையோ கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஓர் இழுப்பு. டேப் வைத்துப் பார்த்தேன், இரண்டு இஞ்ச் இருக்கிறது. உங்கம்மாவிடம் சொல்லாதே.

பெல்ட் வாங்கிப் போட்டும் பார்த்தேன். வெயிலில் அரிப்பு வந்ததுதான் மிச்சம். அது பிதுங்குவதைப் பிடித்து வைக்குமே தவிர ஓட்டையை மூடாது.

டாக்டர் என்னை நிற்கவைத்து இருமச் சொன்னார். அப்புறம் அவர் கேட்டதெல்லாம் வேறு. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், மலம் கழிக்க முக்குகிறீர்களா, நாள்பட்ட இருமல் உண்டா என்று. முக்கினால், இருமினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுமாம். அதைச் சரிசெய்யாமல் தைத்தால் தையலுக்குத்தான் கேடு. மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தது. ராத்திரியில் போட ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆபரேஷனுக்கு அப்புறம் மூத்திரம் அடைத்துக்கொள்ளாமல் இருக்கவும் அது உதவுமாம். கத்தியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதையெல்லாம் கேட்டாரே, அங்கேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆபரேஷனில் ஓட்டையின் மேல் வலை வைத்துத் தைப்பது பற்றி நீ பயந்து பயந்து கேட்டாய். எனக்கு அதில்தான் பயமே இல்லை. நைந்த துணியில் கிழிசலின் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்துத் தைத்தால் என்ன ஆகும்? பக்கத்திலேயே மறுபடி விட்டுக்கொள்ளும். அடியில் ஓர் ஒட்டுத் துணி கொடுத்து, இழுக்காமல் தைத்தால் நிற்கும். 1880களில் இத்தாலியில் பாசினி என்று ஒரு டாக்டர் தசையை இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தாராம். ஏறக்குறைய நூறு வருஷம் உலகமே அதைத்தான் செய்தது. 1980களில் லாஸ் ஏஞ்சலஸில் லிக்டென்ஸ்டைன் என்பவர் இழுக்காதே, வலையை வைத்துத் தை என்றார். ஒரு டெய்லரைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பான்!

வலை என்ன துணி என்று கேட்டேன். பாலிப்ரொப்பிலீன். நம் ஊர் உரச் சாக்கு நெய்கிற அதே சரக்கு, சுத்தம்தான் வேறு. மகாராஷ்டிராவில் ஒரு டாக்டர் கொசுவலைத் துணியையே சுத்திகரித்து ஏழைகளுக்கு வைத்திருக்கிறாராம். உகாண்டாவில் அதைக் கம்பெனி வலையோடு ஒப்பிட்டுப் பார்த்து 2016இல் எழுதியிருக்கிறார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் நின்றதாம். நான் கம்பெனி வலையே வைத்துக்கொள்கிறேன், கவலைப்படாதே.

லேப்ராஸ்கோப்பியில் வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். அது நிஜம்தான். இரண்டு பக்கமும் இறங்கியிருந்தாலோ, ஒருமுறை தைத்தது மறுபடி வந்தாலோ அதுதான் நல்லது என்று இவரும் சொன்னார். ஆனால் அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு பக்கம்தான், முதல் தடவை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால் போதும். இவர் கை பழகினது ஓப்பனில். எந்த முறை என்பதை விட யார் கைக்கு எது பழக்கம் என்றுதான் நான் பார்த்தேன்.

இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை. பத்தில் ஒருவருக்கு அந்த இடத்தில் மாதக்கணக்கில் வலியோ மரத்த மாதிரியோ இருக்கலாமாம். சரி, இழுப்பை விட அது மோசமாக இருக்காது என்று துணிந்துவிட்டேன்.

தீபாவளி வரைக்கும் தள்ளலாமா என்று கேட்டுத்தான் தள்ளியிருக்கிறேன். அதற்குள் வீக்கம் கல் மாதிரி இறுகி உள்ளே போகாமல் நின்றாலோ, அந்த இடம் சிவந்து வலி பொறுக்க முடியாமல் போனாலோ, வாந்தி எடுத்தாலோ, காற்றுகூடப் பிரியாமல் இருந்தாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும், அழுத்தி உள்ளே தள்ளிப் பார்க்கக்கூடாது என்றார். இதை உன் தங்கச்சியிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ டிக்கெட் போடாதே. அன்றைக்கு மாப்பிள்ளை கூட இருப்பார், மறுநாள் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஷார்ஜாவில் இருந்து வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதற்கு, பொங்கலுக்குப் பத்து நாள் லீவு போட்டு வா. ஒன்றரை மாதம் கனம் தூக்கக்கூடாது என்பதால் அதுவரை கட்டிங் மட்டும்தான் நான், தையல் முழுக்கப் பையன்கள் பார்ப்பார்கள். பணம் அனுப்புவதாக இருந்தால் அவர்கள் கூலிக்கு அனுப்பு.

அப்புறம், உங்கம்மாவிடம் இனிமேல் லேப்ராஸ்கோப்பி என்ற பேச்சையே எடுக்காதே. மூன்று ஓட்டை போடுவார்கள் என்று நீ சொன்னதிலிருந்து, இருக்கிற ஓட்டை போதாதா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா