எண்ணைத் தருகிறீர்கள், கணக்கையும் சொல்லித் தாருங்கள்

கோல்ஃப் மன்றங்களின் ஹேண்டிகேப் குழுவினருக்கு,

வணக்கம். புதிதாக ஆட வந்தவர் தம் முதல் ஸ்கோர் கார்டுகளை ஒப்படைத்ததும் அவர் அடிகளில் (பந்தை அடிக்கும் எண்ணிக்கையில்) பெறும் சலுகைக்கு அடிப்படையாக, ஹேண்டிகேப் என்ற ஓர் எண்ணைத் தருகிறீர்கள்; அது எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்வதில்லை. நான் சேர்ந்த மன்றத்திலும் அப்படித்தான் நடந்தது. அதை என் சராசரி என்றே ஓராண்டு நம்பி, அதை எட்டாத நாளெல்லாம் மனம் சோர்ந்து வீடு திரும்பினேன்.

2020 முதல் நடப்பிலுள்ள உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 ஆட்டங்களுள் சிறந்த 8 மட்டுமே கணக்கில் சேர்கின்றன. ஆகவே ஹேண்டிகேப் இண்டெக்ஸ் எனப்படும் அந்த எண் ஒருவர் நன்றாக ஆடும்போது எட்டக்கூடிய அளவு; பெரும்பாலான நாள்களில் அதைவிடச் சில அடிகள் கூடுதலாவதே இயல்பு. இந்த ஒரு வாக்கியத்தை எனக்கு எவரேனும் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

மனக்கசப்பு மிகுதியாக விளைவது ஸ்லோப் ரேட்டிங்கில்தான். சலுகை தேவைப்படாத தேர்ந்த ஆட்டக்காரரான ஸ்கிராட்ச் ஆட்டக்காரரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு ஒரு மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கடினமானது என்பதைக் காட்டும் அந்த எண் 55 முதல் 155 வரை இருக்கலாம். 113 பொது அளவு. ஒரு மைதானத்தில் கிடைக்கும் சலுகை அடிகளைக் காண, இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113ஆல் வகுத்து, அதனுடன் கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து (ஸ்கிராட்ச் ஆட்டக்காரர் அங்கு எடுக்கக்கூடிய அடிகள்) பாரை (மைதானத்துக்கு வகுத்துள்ள அடிகள்) கழித்து வருவதைக் கூட்ட வேண்டும். இண்டெக்ஸ் 18.0 உள்ளவருக்கு, ஸ்லோப் 130, ரேட்டிங் 71, பார் 72 உள்ள மைதானத்தில் 20 அடிகள் கிடைக்கும். ஸ்லோப் 100, ரேட்டிங் 69, பார் 72 உள்ள மைதானத்திலோ 13 அடிகள்தாம். இந்தக் கணக்கை அறியாத எதிராட்டக்காரர், ஏழு அடி வேறுபாட்டைக் கண்டதும் ஏமாற்று என்றே எண்ணுகிறார். நேர்மையான ஒருவர் மீது அப்படிச் சந்தேகம் விழுந்ததை நேரில் கண்டிருக்கிறேன்; அதுவே இம்மடலை எழுதத் தூண்டியது.

மோசமான கார்டை வெட்கத்தால் ஒப்படைக்காமல் விடுபவர்களும் உண்டு. ஒரு குழியில் பதிவாகும் அடிகளுக்கு நெட் டபுள் போகி (பாருக்கு மேல் இரண்டு அடிகள், அத்துடன் அக்குழியில் கிடைக்கும் சலுகை) என்ற வரம்பு இருப்பதை அவர்கள் அறிவதில்லை. பார் 4 குழியில் ஓர் அடி சலுகை பெறுபவர் 11 அடித்தாலும், ஹேண்டிகேப் கணக்கில் 7 மட்டுமே ஏறும். அக்கார்டை மறைத்தால், காலப்போக்கில் இண்டெக்ஸ் உண்மைத் திறனைவிடக் குறைந்துபோய் மறைத்தவருக்கே பாதகமாகலாம். நல்ல கார்டை மறைப்பதோ பிறருக்கு இழைக்கும் அநீதி.

நான் வேண்டுவது ஒரு மணி நேரம் மட்டுமே. 54 குழிகள் ஆடி முடித்துக் கார்டுகளுடன் வரும் ஒவ்வொரு புதியவரையும் எதிரில் அமரச் செய்து, அவருடைய சொந்த ஆட்டங்களையே எடுத்துக்கொண்டு, அவர் கையாலேயே முதல் இண்டெக்ஸைக் கணக்கிடச் செய்யுங்கள். மென்பொருள் காட்டும் விடையை அதன்பின் அவரே சரிபார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஒரு மன்ற உறுப்பினர்