அவன் ஏன் போக மாட்டேங்கிறான்னு கேட்டியா

டேய் மாப்ள,

உன் பையன் கோச்சிங்குக்குப் போக மாட்டேங்கறான்னு நீ அனுப்புன வாய்ஸ் நோட்ட மூணு தடவை கேட்டுட்டேன். முதல் தடவை வேலைக்குப் போற வழியில, ரெண்டாவது தடவை உன் தங்கச்சியோட உக்காந்து, மூணாவது தடவை எல்லாரும் தூங்குனப்புறம் தனியா. பதிலும் வாய்ஸ்லயே போடலாம்னு பார்த்தேன், பேசிப் பேசி அழிச்சதுதான் மிச்சம், அதான் டைப் பண்றேன். நீளமாத்தான் வரும், திட்டாம படி.

மொதல்ல இந்த ஊர் சேதி. தென்னாப்பிரிக்கா டர்பன்ல இப்ப குளிர்காலம், குளிர்னா என்ன, நம்ம மார்கழி அளவுக்குத்தான். ஆடி பொறந்துருச்சா, சாட்ஸ்வர்த்ல எங்க பார்த்தாலும் மாரியம்மனுக்குக் கூழு, இவங்க பாஷையில போரிட்ஜ் ப்ரேயர். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு தூக்கு நெறயக் குடுத்து விட்டாங்க. அவங்க தாத்தாவோட அப்பா காலத்துலயே கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், தமிழ்ல வாங்க, தண்ணி, சோறு இவ்வளவுதான் வரும், ஆனா தேவாரத்த இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சுக்கிட்டு அப்டியே ராகம் தப்பாம பாடுவாங்க, நமக்குத்தான் வெக்கமா இருக்கும்.

கோயில்ல சனிக்கிழமை தமிழ் கிளாஸ் எடுக்கறேன்னு சொன்னேன்ல, அதுக்கு என்னை ஃபார்ம் 30ன்னு ஒண்ணு போட வச்சாங்கடா. குழந்தைங்க கூட வேலை பார்க்கத் தகுதி இல்லாதவங்கன்னு முடிவானவங்க பேரெல்லாம் இங்க அரசாங்கத்துகிட்ட ஒரு ரிஜிஸ்டர்ல இருக்கும், அதுல நம்ம பேரு இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் கிளாசுக்குள்ள விடுவாங்க. காசு வாங்காம அ ஆ இ ஈ சொல்லிக் குடுக்கறவனுக்கே இது. மொதல்ல கோவம் வந்துச்சு, என்னைப் போயி சந்தேகப்படறாங்களேன்னு. அப்புறம் யோசிச்சேன், நம்ம சின்ன வயசுல நம்மள ஒருத்தர்கிட்ட கொண்டு போய் விடும்போது அவரு யாரு என்னன்னு யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களா? கணக்கு நல்லா சொல்லித் தருவாரு, அடிப்பாரு, அவ்வளவுதான் தகுதி.

சரி, உன் பையன் விஷயத்துக்கு வரேன். பதினோரு வயசுப் பையன், ரெண்டு வருஷமா ஆசையாப் போன விளையாட்டுக் கோச்சிங், திடீர்னு போன மாசத்துலேர்ந்து வயித்து வலிங்கறான், கால் வலிங்கறான், போகவே மாட்டேங்கறான், சோம்பேறி நாய் அடிச்சாவது அனுப்பறேன் பாருன்னு சொன்னியே. சோம்பேறித்தனமாவே இருக்கலாம்டா, போர் அடிச்சிருக்கலாம், கூட ஆடறவன் எவனாச்சும் கிண்டல் பண்ணியிருக்கலாம், நான் எதையும் முடிவு பண்ணல, சாமி சத்தியமா. ஆனா அவன் ஏன் போக மாட்டேங்கறான்னு கேட்டியா? கேக்கறதுன்னா, ஏண்டா போகலன்னு கத்தறது இல்ல.

எங்க வீட்ல நடந்ததச் சொல்றேன், இத இதுவரைக்கும் உன்கிட்ட சொன்னதில்ல. 2023ல இங்க லோட் ஷெட்டிங் உச்சத்துல இருந்துச்சு, ஜோஹன்னஸ்பர்க் அளவுக்கு இல்லன்னாலும் எங்களுக்கும் ரெண்டு ரெண்டு மணி நேரம் கரண்ட் போயிடும். டிவி இல்ல, வைஃபை இல்ல, நாலு பேரும் ஹால்ல பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டு கதை பேசறது. நம்ம ஊர்ல பவர் கட்டுன்னா மொட்ட மாடியில படுத்துக்கிட்டுப் பேசுவோம்ல அதே மாதிரி. அப்ப பொண்ணுக்கு எட்டு வயசு. ஒரு நாள் இருட்டுல சும்மா சொல்றா, அப்பா, ட்ரான்ஸ்போர்ட் அங்கிள் (ஸ்கூல் வேன் டிரைவர்) எனக்கு மட்டும் டெய்லி சாக்லேட் தருவாரு, கடைசி ஸ்டாப்புக்கு அப்புறம் முன் சீட்ல உக்கார வச்சுக்குவாரு, வீட்ல சொல்லக் கூடாது நம்ம ரெண்டு பேரோட ரகசியம்னு சொன்னாருன்னு.

எனக்குத் தலைக்குள்ள குப்புன்னு ஏறிருச்சு. எந்திரிச்சு உக்காரப் போனேன், உன் தங்கச்சி இருட்டுலயே என் கைய அமுக்கிப் பிடிச்சா பாரு, நகம் பதிஞ்சிருச்சு. அவ குரல் கொஞ்சம் கூட மாறல. அப்டியா, அப்புறம் என்ன சொன்னாருன்னு கதை கேக்கற மாதிரியே கேட்டா. தொட்டாரா, இங்க தொட்டாரா அங்க தொட்டாரான்னு எடுத்துக் குடுக்கவே இல்ல, குழந்தை சொல்றத மட்டும் வாங்கிக்கிட்டா, கடைசில நீ சொன்னது ரொம்ப நல்லதுடா தங்கம், உன் மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லி நெத்தியில முத்தம் குடுத்துட்டு வேற கதைக்குப் போயிட்டா. அந்தக் கைய மட்டும் அவ பிடிக்கலேன்னா நான் கத்தியிருப்பேன், கத்தியிருந்தா எம் பொண்ணு அதோட வாயத் தெறந்திருக்க மாட்டா. இது எனக்கு நல்லாத் தெரியும்.

சாக்லேட்டும் முன் சீட்டும் தாண்டி எதுவும் இல்லன்னு அப்புறம் தெரிஞ்சுது. மறுநாளே வேன நிப்பாட்டிட்டு ஸ்கூல்ல போய்ச் சொன்னோம். ஒரு குழந்தைக்குத் தொல்லை நடந்திருக்குன்னு நியாயமான காரணத்தோட முடிவுக்கு வந்தா டீச்சர், டாக்டர், கோயில் ஐயர் வரைக்கும் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும்னு இங்க 2005 சட்டத்துலயே இருக்கு. சோஷியல் ஒர்க்கர் ஒருத்தங்க வந்து பொண்ணுகிட்ட படம் வரைய வச்சுப் பேசிட்டுப் போனாங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான், பொம்பளப் புள்ள சமாச்சாரம், வெளிய கொண்டு போகாதீங்கன்னாங்க. கப்பல் ஏறி இத்தன தலைமுறை ஆயி பாஷையே போயிருச்சு, பேரு கெட்டுடும்ங்கற பயம் மட்டும் பத்திரமா இருக்கு பாரு.

அதுக்கப்புறம் வீட்ல சில விஷயம் மாத்துனோம். ரகசியம்ங்கறதே கிடையாது, சர்ப்ரைஸ் உண்டு. பர்த்டே கேக் சர்ப்ரைஸ், அது நாலு நாள்ல எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் சிரிப்பாங்க. எப்பவுமே சொல்லக் கூடாதுன்னு எவன் சொன்னாலும் அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லணும். கிச்சு கிச்சு மூட்டும்போது போதும்னு சொன்னா நானே கைய எடுத்துரணும், விளையாட்டா இருந்தாலும். யாருக்கும் முத்தம் குடுன்னு அனுப்பறது இல்ல, நாந்தான் அதுல மோசம், மரியாதைன்னு நெனச்சு வர்றவங்க மடியிலெல்லாம் உக்கார வச்சிருக்கேன். இங்க பெரியவங்க எல்லாருமே அங்கிள் ஆன்ட்டி, நம்ம ஊர்ல பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் கூட மாமா. ஒரு வார்த்தையில வீட்டு ஆள் ஆக்கிடறோம், அப்புறம் அந்த மாமாவ வேணாம்னு சொல்ல குழந்தைக்கு ஏது வார்த்தை?

வார்த்தைன்னதும் இன்னொண்ணு. குழந்தைங்க துணியில்லாம ஓடுனா நாம என்ன சொல்லுவோம், ஷேம் ஷேம் பப்பி ஷேம். சிரிச்சுக்கிட்டே சொல்றோம், ஆனா உடம்புல அந்த இடத்துக்கு நாம வச்சிருக்கற ஒரே பேரு அசிங்கம். நாளைக்கு அங்க ஒருத்தன் கை வச்சா அது எப்டிடா வந்து சொல்லும்? உன் தங்கச்சி எங்க ரெண்டு குழந்தைங்களுக்கும் முறையான பேரையே சொல்லிக் குடுத்துட்டா, மூக்கு முழங்கை மாதிரி. எங்கம்மா போன்ல கேட்டுட்டு ராம ராமான்னுச்சு.

இப்ப நான் இழுத்துக்கிட்டே இருக்கற விஷயம். ஏழாவது படிக்கும்போது அரைப்பரீட்சைக்கு முன்னாடி நீ கணக்கு டியூஷனுக்குப் போக மாட்டேன்னு அடம் பிடிச்ச. உங்கப்பா பெல்ட்டால அடிச்சாரு, தெருவே வேடிக்கை பார்த்துச்சு, நானும் பார்த்தேன். அந்த மாடிப்படி கிட்ட வந்ததும் நீ சைக்கிள மிதிக்கறத விட்டுடுவ. நானும் அங்கதான் படிச்சேன், எட்டு மணிக்கு சார் எங்கள அனுப்பிட்டு உன்ன மட்டும் இரு ஒரு கணக்கு பாக்கி இருக்கும்பாரு. அரைப்பரீட்சையில நீ பதினெட்டு மார்க், நான் உனக்கு மக்குன்னு பேரு வச்சு அந்த வருஷம் பூரா கூப்பிட்டேன். ஒரு தடவை கண்மாய்க்கரையில ஏதோ சொல்ல வந்த, நான் கிரிக்கெட் ஸ்கோர் பேசிட்டேன். முப்பது வருஷம் கழிச்சு இருட்டுல எம் பொண்ணு பேசுன அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு அந்தக் கண்மாய்க்கரை ஞாபகம் வந்துச்சு. என்னன்னு நீ சொல்லணும்னு இல்லடா. ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல, என்னை லூசுன்னு திட்டிக்க. இருந்துச்சுன்னா, கேக்காம போனதுக்கு என்னை மன்னிச்சுரு.

பசங்களுக்கு என்ன ஆகப் போகுதுன்னு நெனச்ச காலம் அது. 2007ல நம்ம ஊர் மத்திய அரசே 13 மாநிலத்துல 12,447 குழந்தைங்ககிட்ட எடுத்த ஒரு ஆய்வ வெளியிட்டுச்சு, பாதிக்கு மேல, 53 சதவீதம் பேரு ஏதாச்சும் ஒரு வகையில பாலியல் தொல்லை நடந்துருக்குன்னு சொல்லியிருக்காங்க, அதுல பொண்ணுங்கள விட பசங்க கொஞ்சம் அதிகம். பெரும்பாலானவங்க யாருகிட்டயும் சொல்லல. இங்க எட்டுப் பேரு, எல்லாம் வளர்ந்து பெரியவங்க ஆனவங்க, சின்ன வயசுல தங்களுக்கு நடந்தத வச்சு கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் வரைக்கும் போனாங்க. இருபது வருஷம் தாண்டுனா கேஸ் போட முடியாதுன்னு இருந்தத 2018ல கோர்ட்டு தூக்கிருச்சு. பேப்பர்ல படிச்சப்ப ஏனோ உன் ஞாபகம்தான்.

அதனால பையன அடிக்காத. (இங்க 2019லேர்ந்து பெத்தவங்க அடிச்சாலும் கண்டிக்கத்தான் அடிச்சேன்னு கோர்ட்டுல சொல்லித் தப்பிக்க முடியாது, உங்கப்பா இங்க இருந்திருந்தா ஜெயில்லதான் இருந்திருப்பாரு.) கோச்சிங்க ரெண்டு வாரம் நிப்பாட்டு, காசு போனாப் போகுது. ஒருவேளை ஏதாச்சும் சொன்னான்னா மூஞ்சிய மாத்தாத, நம்பறேன்னு சொல்லு, திரும்பத் திரும்பக் கேக்காத, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியமும் பண்ணாத, ஏன்னா சொல்ல வேண்டி வரும். நீயா அந்த ஆளோட சட்டையப் பிடிக்கவும் போகாத. குழந்தைங்களுக்கான உதவி நம்பர் 1098க்கு அடி. ஸ்டேஷன்னு பயப்படாத, குழந்தைங்கள பாலியல் குற்றத்துலேர்ந்து காப்பாத்தற போக்சோ சட்டப்படி வீட்டுக்கே வந்து, யூனிஃபார்ம் இல்லாமத்தான் குழந்தைகிட்ட வாக்குமூலம் எடுக்கணும், பேரு வெளிய வரக் கூடாது. பசங்களுக்கும் அதே சட்டம்தான்.

இதெல்லாம் தேவைப்படாமலே போகலாம். பக்கத்துப் பையன் பேட்ட ஒளிச்சு வச்சுட்டான்னு சொல்லுவான், நாம ரெண்டு பேரும் சிரிச்சுக்குவோம்.

இங்க மணி பத்து, அங்க ஒன்றரை இருக்கும், நீ இன்னும் ஆன்லைன்லதான் இருக்க, தெரியுது. விடிஞ்சா ஞாயித்துக்கிழமை, அவன வண்டியில பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு பரோட்டா கடைக்குப் போ. மூஞ்சியப் பார்க்க வேண்டாம்னா பேசறது சுலபம், எங்களுக்கு இருட்டு மாதிரி. ஹெல்மெட்டுக்குள்ள சரியா கேக்காது, மெதுவா ஓட்டு.