லேத் பெட்டை அளந்து பார்த்தாயா?

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அக்கா வந்துவிட்டுப் போனாள். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பழைய கடைசல் லேத் ஒன்றை இறக்கியிருக்கிறாய் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். எவ்வளவு கொடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. அதன் பெட்டை, எல்லாவற்றையும் தாங்குகிற அந்த நீள அடித்தளத்தை, அளந்தாயா?

புதுப் பெயின்டைப் பார்த்து ஏமாறாதே. ஜாபைப் பிடித்துச் சுற்றும் சக் இருக்கிறதே, அதை ஒட்டிய ஒன்றரை அடிதான் தேயும். வேலை நடப்பதும் சீவல் விழுவதும் அங்கேதான். டூலைச் சுமந்து பெட்மேல் ஓடும் சேடிலை ஓட்டிப் பார். சக் பக்கம் லூசாகவும் கடைசியில் இறுக்கமாகவும் போனால் தேய்மானம் உறுதி. சக் பக்கத்து ஆட்டத்தைப் பார்த்து, சேடிலைப் பெட்டோடு பிடிக்கும் அடிப்பட்டையை இறுக்கிவிடாதே, மறுகோடியில் சிக்கிக்கொள்ளும்.

முதலில் சக்கைச் சுழற்றும் தண்டு, ஸ்பிண்டில். அதன் மூக்கில், இம்மி அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை வைத்து மரக்கட்டையால் நெம்பிப் பார். பேரிங் ஆடினால் அப்புறம் எடுக்கும் அளவெல்லாம் பொய்.

அடுத்து ரசமட்டம். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டுவது வேண்டும், கொத்தனார் மட்டம் ஆகாது. சக்குக்கு எதிரே ஜாபின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் ஓடும் தடம் அவ்வளவாகத் தேயாது. அதன்மேல் குறுக்காக வை. இரண்டு கோடியிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மொத்த பெட்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் பரவாயில்லை, முறுக்கு இருக்கக் கூடாது. காலையிலேயே பார். வெயில் ஏறி பெட் ஒரு பக்கம் சூடானால் கணக்கு மாறிவிடும்.

பிறகு டயலின் மேக்னட் ஸ்டாண்டைச் சேடிலில் வைத்து, டயல் முள் டெயில்ஸ்டாக் தடத்தைத் தொடட்டும். மறுகோடியில் பூஜ்ஜியம் வைத்து, 100 மி.மீ.க்கு ஒரு தரம் எழுதிக்கொண்டே சக் வரை வா. டூல் நேராக 0.10 மி.மீ. இறங்கினால் ஜாபின் டயாவில், அதாவது விட்டத்தில், தெரியவே தெரியாது. நீ நிற்கும் பக்கத்து முன் தடம் மட்டும் 0.10 இறங்கினால் சேடில் உன் பக்கம் சாயும். தடங்களுக்கு நடுவே 300, தடத்திலிருந்து சென்டர் உயரம் 200 என்றால் டூல் 0.067 விலகும்; டயா 0.13 கூடும். சக் பக்கம் ஜாப் பருத்து வருவது இதனால்தான்.

நம் லேத்தில் நீ கடைந்த அந்த பம்ப் ஷாஃப்டும் இப்படித்தான் பருத்து வந்தது. ஆட்கள் முன்னால் உன் கையைக் குறை சொன்னேன். நீ போன பிறகுதான் நம் லேத்தை அளந்தேன். சக் பக்கம் 0.12. இருபது வருஷம் ஓட்டியும் அதில் நான் ஒரு தரம்கூட டயல் வைத்ததில்லை. உன் கை சரியாகத்தான் இருந்தது. நீ போட்ட த்ரெட்டைக் கேட்டு இன்றைக்கும் துறைமுகத்திலிருந்து ஆள் வருகிறது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

கடைசியாகத்தான் வெட்டிப் பார்க்க வேண்டும். 50 மி.மீ. ராடு, சக்கிலிருந்து 200 வெளியே, டெயில்ஸ்டாக் சென்டரால் தாங்கல் கொடுக்காமல். நடுவைக் குறைத்து இரண்டு முனையிலும் 20 மி.மீ. வளையம் விடு. டூலை உள்ளே வெளியே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் இரண்டிலும் 0.1 ஒரே கட். மைக்ரோமீட்டரில் வெளிமுனை பெரிதாக வந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலை இம்மி உயர்த்து. சக் பக்கம் பெரிதாக வந்தால் உடனே காலைத் திருகாதே. டயலில் எழுதினதைப் பார். தேய்மானம் என்றால் பெட்டைக் கிரைண்டிங்கோ ஸ்கிரேப்பிங்கோ செய்வதுதான் வழி. ஸ்பிண்டிலைப் பார்க்காமல் எதையும் தொடாதே.

கடல் காற்று அங்கேயும் உண்டு. தினம் மூடும்போது பெட்டைத் துடைத்து எண்ணெய் போடு.

ரசமட்டத்தைத் துணி சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் யாரிடமும் கொடுத்தனுப்ப முடியாது, அடிபட்டால் போச்சு. வந்து எடுத்துக்கொள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை நானே கொண்டு வருகிறேன். வரட்டுமா?

அப்பா
கடலூர் முதுநகர்