வந்த தேதியை எழுதி வை

அன்புள்ள மகனுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. அக்கா வந்து கூட இருந்துவிட்டுப் போனாள். மாமா வழக்கம்போல. வேறு விசேஷம் இல்லை.

உங்கள் குதிரையேற்றச் சம்மேளனத்தில் அணித் தேர்வு நெருங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நீ சொல்லவில்லை, வெளியில்தான் கேள்விப்பட்டேன். முன்பெல்லாம் தேர்வு வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் போன் போடுவாய். இந்தக் குதிரைக்குப் பின்னங்கால் தாங்குமா, அது விமானத்தில் தண்ணீர் குடிக்குமா என்று கேட்டுக் கேட்டு, குதிரை டாக்டரான என் தூக்கத்தைக் கெடுப்பாய். இப்போது நான் போட்டால் மருமகள் எடுக்கிறாள். நீ மீட்டிங்கில் இருக்கிறாயாம். ஞாயிற்றுக்கிழமையும் என்ன மீட்டிங்?

போகட்டும். உங்கள் அலுவலகத்தில் தபால் பதிவேடு இன்னும் இருக்கிறதா? ஈமெயில் வந்த பிறகு அதைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பீர்கள். எடுத்து வை. கடிதமோ ஈமெயிலோ வாட்ஸ்அப்போ, புகார் என்று எது வந்தாலும் வந்த தேதியை எழுதி வை. யார் வாங்கினார், யாரிடம் கொடுத்தார் என்பதும் அதே வரியில் இருக்கட்டும். நாளைக்கு விசாரணை என்று ஒன்று வந்தால், என்ன செய்தீர்கள் என்பது இரண்டாவது கேள்வி. எப்போது தெரியும் என்பதுதான் முதல் கேள்வி.

தேதி விஷயத்தில் நம் ஆட்கள் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை. இன்ஃப்ளுயன்சா ஊசி போட்டு 6 மாதம் 21 நாள் தாண்டியிருக்கக் கூடாது, போட்டி நடக்கும் இடத்துக்கு வந்து சேருவதற்கு முந்தைய 7 நாளுக்குள் போட்டிருக்கவும் கூடாது என்று குதிரைப் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற கூட்டம். எத்தனை பேரிடம் நானே அந்தக் கணக்குக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். குதிரையின் காகிதத்துக்கு இவ்வளவு கறார் என்றால் மனிதர்கள் கொடுத்த காகிதத்துக்கும் கொஞ்சம் இருக்கட்டுமே.

உன்னைக் குறை சொல்ல உட்காரவில்லை. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் குதிரைகளுக்கு ஹெர்பிஸ் நோய் கிளம்பியபோது நீ நின்ற விதம் எனக்கு மறக்கவில்லை. காய்ச்சலோடு ஆரம்பித்து, பின்னங்கால் பலமிழந்து, கடைசியில் எழுந்து நிற்கவே முடியாமல் போகும் நோய் அது. மூச்சிலும் பரவும், பக்கத்து லாயத்தின் வாளியிலும் பரவும். 18 குதிரைகள் போயின. உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் ஐரோப்பாவில் போட்டிகளை வரிசையாக ரத்து செய்தது. நம் ஊருக்கு அது வரவில்லையே, நுழைவுக் கட்டணம் வாங்கியாயிற்றே, உள்ளூர்ப் போட்டியையாவது நடத்தலாமே என்று உன் கமிட்டியில் பாதிப் பேர் சொன்னார்கள். நீ அன்று சாயங்காலமே நிறுத்தினாய். என்னைக் கேட்டாய், நான் சொன்னேன், ஆனால் கையெழுத்து உன்னுடையது. திட்டினவர்களே இரண்டு வாரம் கழித்து நன்றி சொன்னார்கள். நோய் என்றால் அன்றைக்கே கதவைச் சாத்தத் தெரிந்தவன் நீ. அதனால்தான் எனக்கு இப்போது புரியவில்லை.

நீ பொதுச்செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தது எனக்கு எவ்வளவு பெருமை என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உலகச் சம்மேளனத்துக்கே 1964-லிருந்து 2014 வரை தலைவர்களாக இருந்தவர்களைப் பார்: இளவரசர் பிலிப், அவருக்குப் பின் மகள் ஆன், பிறகு ஸ்பெயின் அரச குடும்பம், பிறகு ஜோர்டான் அரச குடும்பம். நம் வீட்டில் சொந்தமாக ஒரு குதிரை இருந்ததில்லை. அப்பா அடுத்தவர் குதிரையில் அடுத்தவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், நான் அடுத்தவர் குதிரைக்கு வைத்தியம் பார்த்தேன். உன் நிர்வாகக் குழுவில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கயிறு லாயத்தில் கட்டியிருக்கிறது. ஒருவர் குதிரை வளர்த்து விற்கிறவர், ஒருவர் நடுவர், ஒருவருடைய மகள் போட்டியில் இருக்கிறாள், ஒருவர் பயிற்சியாளருக்குக் கடன் கொடுத்தவர். சின்ன விளையாட்டு, எல்லா நாட்டிலும் இப்படித்தான், யாரையும் தப்பு சொல்ல முடியாது. அதற்காகத்தான் குதிரை இல்லாத உன்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அது நினைவிருக்கட்டும்.

தேர்வுக் குழுவில் யாருக்காவது சம்பந்தப்பட்ட குதிரை பட்டியலில் இருந்தால் அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போதாது. எழுந்து வெளியே போகவேண்டும். போன நேரமும் திரும்பி வந்த நேரமும் மினிட்ஸில் ஏறவேண்டும். இதைப் போன வருஷமும் சொன்னேன், செய்தாயா என்று தெரியவில்லை. தகுதிக்கான மதிப்பெண்ணைக் குதிரை எடுத்துவிட்டது என்பதற்காக உன் கையெழுத்து தானாக விழவேண்டியதில்லை. இந்த வீரரையும் குதிரையையும் அனுப்புகிறோம் என்று உலகத்துக்குச் சொல்வது சம்மேளனம். சொன்ன பிறகு, எனக்கு அப்போது தெரியாது என்று சொல்லலாம், உண்மையிலேயே தெரியாமல் இருந்தால்.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, டிரஸாஜ் என்கிற குதிரை நடைப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய வீராங்கனை தானாகவே விலகினாரே, அதை நினைத்துப் பார். பல வருஷத்துக்கு முன்பு பயிற்சி வகுப்பில் எடுத்த வீடியோ. குதிரையின் காலில் நீளச் சவுக்கால் திரும்பத் திரும்ப அடிப்பது அதில் இருந்தது. ஒரு வருஷத் தடை விழுந்தது. அந்த வீடியோ அத்தனை வருஷம் யாரோ ஒருவரின் போனுக்குள் இருந்திருக்கிறது. இந்தக் காலத்தில் எந்த வீடியோவும் ஒரே ஒரு போனில் இருப்பதில்லை என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நடந்ததும் அப்படித்தான். நவீன பென்டத்லான் என்கிற ஐந்து விளையாட்டுப் போட்டியில் குலுக்கலில் கிடைத்த குதிரை ஓட மறுக்கிறது, மேலே உட்கார்ந்தவள் அழுகிறாள், பயிற்சியாளர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குதிரையை முஷ்டியால் குத்துகிறார். அது வேறு சம்மேளனம், நம்முடையது இல்லை என்று இங்கே எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். டிவி பார்த்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? அந்த விளையாட்டிலிருந்து பாரிஸோடு குதிரையையே எடுத்துவிட்டார்கள். இனிமேல் தடை ஓட்டமாம். குதிரை இல்லாமல் அவர்களுக்கு விளையாட்டு இருக்கிறது. உனக்கு?

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். குதிரையின் மூக்கைச் சுற்றிக் கட்டுகிற மூக்குப்பட்டை எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க 2025-ல் கருவி கொண்டுவந்தார்களே, நல்ல காரியம். எங்கள் காலத்தில் இரண்டு விரல் நுழையவேண்டும் என்பது கணக்கு. யாருடைய விரல் என்பதில்தான் சண்டையே. அப்பாவின் விரலுக்கும் என் விரலுக்கும் ஒரு துளை வித்தியாசம் வரும். அளவு என்று ஒன்று வந்துவிட்டால் போட்டியில் சோதிக்கிற ஸ்டூவர்டு முகம் பார்க்க வேண்டியதில்லை. முகம் பார்ப்பதுதான் இந்த வேலையில் கஷ்டம், எனக்குத் தெரியாதா.

அப்பாவிடம் சேணம் கட்டக் கற்றுக்கொண்டவன் இன்று அணிக்கே முதல் பெயராக இருக்கிறான் என்பதில் எனக்கும் சந்தோஷம்தான். நம் வீட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்கின பிள்ளை. அவனுடைய முதல் கப் இன்னும் நம் அலமாரியில்தான் இருக்கிறது. பதக்கத்தை வைத்துத்தான் அரசாங்கம் உங்களுக்குப் பணம் ஒதுக்குகிறது, அவனும் அந்தக் குதிரையும் இல்லையென்றால் பதக்கம் இல்லை, பதக்கம் இல்லையென்றால் குழந்தைகளுக்கான பயிற்சித் திட்டத்தையே மூடவேண்டி வரும். இந்தக் கணக்கெல்லாம் எனக்கும் போடத் தெரியும். அப்பா இருந்தால் என்ன செய்திருப்பார் என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். அந்தக் கறுப்புக் குதிரை விஷயத்தில் அப்பா என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாதே. பேசியிருந்தால் பேசியதையும் தேதியோடு எழுதி வை. நீ விசாரிக்க வேண்டியவன் இல்லை, விசாரிக்கிறவர்களிடம் கொடுக்க வேண்டியவன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில், ஈவெண்டிங் என்கிற மூன்று கட்டக் குதிரைப் போட்டியில் ஜெர்மனியின் அணித் தங்கம் போன கதை அப்பா சொல்லிச் சொல்லி உனக்கே மனப்பாடம். தொடக்கக் கோட்டை இரண்டு தடவை தாண்டியதற்காக நடுவர்கள் நேர அபராதம் போட்டார்கள். மேல்முறையீட்டுக் குழு அதை நீக்கியது. பிறகு விளையாட்டு நடுவர் மன்றம், இதில் தலையிட அந்தக் குழுவுக்கு அதிகாரமே கிடையாது என்று சொல்லி அபராதத்தைத் திருப்பிப் போட்டது, தங்கம் பிரான்சுக்குப் போயிற்று. நல்ல மனசோடு செய்ததுதான். செய்யக் கூடாதவர்கள் செய்தார்கள், அவ்வளவுதான். நீ அவனைக் காப்பாற்ற நினைத்து எடுக்கிற முடிவு அவனைக் கூடக் காப்பாற்றாது. வெளியிலிருந்து ஒரு வக்கீலைப் போட்டு ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிடம் ஒப்படைத்தால் அவன் தரப்பையும் கேட்பார்கள். உங்களுக்கு வந்த வீடியோ வெட்டி ஒட்டியதா, எப்போது எடுத்தது, அது அந்தக் குதிரைதானா என்று மைக்ரோசிப் வரைக்கும் பார்ப்பார்கள். அவனுக்கும் அதுதான் பாதுகாப்பு.

லாயத்தில் வேலை செய்கிற அந்தப் பெண்ணை யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள். எந்தப் பெண் என்று கேட்காதே. லாயத்து மாடியில்தான் அவளுக்கு அறை, வேலை போனால் அன்றே இருப்பிடமும் போய்விடும். விடிவதற்கு முன் எழுந்து அந்தக் குதிரையின் குளம்பைக் கையில் எடுப்பவள் அவள்தான். காலில் எங்கே சூடு, விலாவில் எங்கே தடிப்பு என்று எந்த டாக்டருக்கும் முன்னால் தெரிவது அவளுக்கு. உறுப்பினர்கள் கொடுத்தால்தான் புகார் என்று உங்கள் விதியில் ஒரு வரி இருக்கிறது, அதைப் போட்டவர்களில் அப்பாவும் ஒருவர். அவள் உறுப்பினர் இல்லை. சந்தா கட்ட அவளுக்கு ஏது காசு? அந்த வரியைக் காட்டி யாராவது உன்னிடம் இதைத் தள்ளிவிடலாம் என்று சொல்லியிருப்பார்கள். சம்மேளனம் தானாகவே எடுத்து விசாரிக்கலாம் என்று அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. அதையும் படி.

2015-ல் ஐக்கிய அரபு அமீரகத்துச் சம்மேளனத்தை உலகச் சம்மேளனம் தள்ளிவைத்ததே, ஏன்? எண்டியூரன்ஸ் என்கிற நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தில் குதிரைகளின் நலத்தை உள்ளூரில் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான். மார்ச்சிலிருந்து ஜூலை வரை. ஒருவரைத் தடை செய்தால் ஒருவரோடு போகும். சம்மேளனத்தைத் தள்ளிவைத்தால் எதுவும் அறியாத பிள்ளைகளும் சேர்ந்து வீட்டில் உட்காரவேண்டும். உனக்குச் சந்தா கட்டுகிற குடும்பங்களில் பெரும்பாலோர் சர்வதேசப் போட்டியைக் கண்ணால் கூடப் பார்க்கப் போவதில்லை. வாரத்தில் ஒரு நாள் பிள்ளை குதிரை மேல் உட்கார்ந்து சிரிப்பதற்காகக் கட்டுகிறார்கள். அவர்களுக்கும் நீதான் பொதுச்செயலாளர்.

நான் அதிகம் பேசுகிறேன் என்று அக்கா சொல்வாள். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டு எழுதத்தான் நினைத்தேன், பேனா வேறு எங்கோ போய்விட்டது. சின்னவள் பரீட்சை முடிந்ததா? அவள் எழுதிய கடிதம் வந்தது, தனியாகப் பதில் போடுகிறேன்.

ஒன்று மட்டும் டாக்டராகச் சொல்கிறேன், அம்மாவாக இல்லை. சவுக்குத் தடிப்பு சில நாளில் அமுங்கிவிடும். மேல்முடி மூடிவிட்டால் அதன் பிறகு நான் தடவிப் பார்த்தாலும் தெரியாது. வந்த தேதி முக்கியம் என்று நான் சொல்வது வெறும் காகிதத்துக்காக இல்லை. குதிரையைப் பார்க்க வேண்டுமானால் சீக்கிரம் பார்க்கவேண்டும், முன்னறிவிப்பு இல்லாமல் பார்க்கவேண்டும், அந்த லாயத்தில் ஒரு நாளும் ஃபீஸ் வாங்காத டாக்டர் பார்க்கவேண்டும். அணியின் டாக்டரை அனுப்பாதே, நல்லவர்தான், ஆனால் அவனோடு விமானத்தில் போகப் போகிறவர். என்னிடம் படித்த இருவர் இருக்கிறார்கள், இந்த வேலைக்குத் தோதானவர்கள். இருவரிடமும் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதில் ஒருத்தி வியாழக்கிழமை வெளிநாடு கிளம்புகிறாள், அதற்குள் கேட்டால் நம்பர் தருகிறேன். மருமகளிடம் சொல்லி அனுப்பாதே, நீயே போன் போடு.

அன்புடன்,
அம்மா