கழுவிப் போடும் ஏர் ஃபில்டர் எல்லா ஊருக்கும் சரிவராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாகனப் பக்கத்தில், காரில் இன்ஜினுக்குப் போகும் காற்றிலிருந்து தூசியை வடிகட்டும், கழுவித் திரும்பப் போடும் ஏர் ஃபில்டர் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. ஒருமுறை வாங்கினால் வண்டி இருக்கும்வரை போதும், மைலேஜ் கூடும், பிக்கப் கூடும், குப்பையும் குறையும் என்று நாலு வரியில் முடித்திருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் ஸ்டாண்டிலேயே இரண்டு பேர் வாங்கக் கிளம்பிவிட்டார்கள், அதனால்தான் இந்தக் கடிதம். நான் அரியலூரில் 19 வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன், ஒரு டீசல் வண்டி, ஒரு சின்ன பெட்ரோல் வண்டி. அந்த ஃபில்டரைக் காசு கொடுத்து வாங்கி, ஏழு மாதம் ஓட்டிப் பார்த்து, கழற்றியும் வைத்தவன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கழுவிப் போடும் ஃபில்டருக்கு நான் எதிரி இல்லை. எங்கள் அப்பாவின் டிராக்டரில் இருந்தது ஆயில் பாத் ஃபில்டர். காற்று உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் எண்ணெயின் மேல் மோதித் திரும்பும்போது தூசி எண்ணெயிலேயே தங்கிவிடும், அப்புறம் கம்பி வலை வழியாக மேலே ஏறிப் போகும். உழவு சீசனில் அந்தக் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் கறுப்பு அல்வா மாதிரி சேறு நிற்கும். அதை வழித்துப் போட்டு, வலையை டீசலில் அலசி, கோடு வரைக்கும் புது எண்ணெய் ஊற்றி மாட்டுவது பள்ளிக்கூடம் படிக்கும்போது என் வேலை. பழைய டூவீலர்களில் ஸ்பாஞ்ச் ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவி, ஆயிலில் நனைத்துப் பிழிந்து போட்டது எத்தனையோ பேருக்கு நினைவிருக்கும். நம் ஊருக்கு இது புதிதில்லை.

இப்போது காருக்கு விற்பது பெரும்பாலும் பருத்தி வலைத்துணி வகை. மடிப்பு மடிப்பாக நாலைந்து அடுக்குத் துணி, இரண்டு பக்கமும் அலுமினிய வலை, மேலே லேசான ஒட்டும் எண்ணெய். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரிவர்சைடு ஊரில் 1969ல் மோட்டார் சைக்கிள் ஆட்கள் இரண்டு பேர் தொடங்கிய கே அண்ட் என் கம்பெனிதான் இதைப் பிரபலமாக்கியது. (நான் வாங்கியது அவர்களுடையது இல்லை.) பந்தய வண்டிக்கு இது அருமையான பொருள், காற்று தாராளமாகப் போகும், எடுத்துக் கழுவி மறுபடியும் மாட்டலாம். ஆனால் பந்தய இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்த்து, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கை மாற்றிவிடுவார்கள். நாம் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போனபிறகும் இன்ஜினில் கை வைக்கக்கூடாது என்று நினைக்கிற ஆட்கள், அந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 15,000 கிலோமீட்டரில் 90 லட்சம் லிட்டர் காற்று அந்தச் சின்ன டப்பாவுக்குள் போய் வருகிறது. செந்துறை ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் ஒரு நாள் போய்ப் பாருங்கள், அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்று தெரியும். சுண்ணாம்புத் தூள்கூட மென்மையானது, அதோடு சேர்ந்து வரும் மண்ணில் இருக்கும் சிலிக்காதான் ஆபத்து. அது இரும்பைவிடக் கடினம், ஆயிலோடு கலந்து பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். தேய்ந்தது உடனே தெரியாது, ஒன்றிரண்டு வருடம் கழித்து வண்டி ஆயில் குடிக்கும், நீலப் புகை வரும், அப்போது யாருக்கும் ஃபில்டர் ஞாபகம் வராது.

என் கதையைச் சொல்கிறேன். டீசல் வண்டிக்கு 5,500 ரூபாய்க்கு அந்த ஃபில்டரும், 1,800 ரூபாய்க்குக் கழுவும் மருந்தும் எண்ணெயும் வாங்கினேன். போட்ட புதிதில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் உறிஞ்சும் சத்தம் நன்றாகக் கேட்டது, பிக்கப் கூடிவிட்டது என்றே நம்பினேன். நாலு மாதம் கழித்து ஒரு பட்டறையில் கழுவக் கொடுத்தேன். கழுவியது சரியாகத்தான் கழுவினார்கள், எண்ணெய் போடும்போது பையன் கை தாராளமாகிவிட்டது. மடிப்புக்கு ஒரு கோடு எண்ணெய் போட்டு, இருபது நிமிடம் ஊறவிட்டு, வெளுத்த இடத்தில் மட்டும் திரும்பத் தொட வேண்டும், அவன் சொட்டச் சொட்ட அடித்து உடனே மாட்டிவிட்டான். அடுத்த வாரம் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஒரு குடும்பம். 70 கொண்டை ஊசி வளைவில் பாதிகூட ஏறவில்லை, இன்ஜின் விளக்கு எரிந்தது, இழுவை சுத்தமாகப் போய்விட்டது. ஏ.சி.யை நிறுத்தி, இரண்டாம் கியரிலும் முதல் கியரிலுமாக, பின்னால் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி மேலே போய்ச் சேர்ந்தோம். வண்டியில் எழுபது வயதுக்கு மேல் ஒரு பாட்டி, கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை, முன்சீட்டைப் பிடித்த கையை மட்டும் விடவே இல்லை. அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஊருக்கு வந்து ஸ்கேனர் போட்டால் காற்றளவு பார்க்கும் சென்சாரில் கோளாறு என்று காட்டியது. ஃபில்டருக்கு அடுத்த குழாயில் உட்கார்ந்திருக்கும் அந்த சென்சாருக்குள்ளே முடி மாதிரி ஒரு சூடான கம்பி உண்டு, போகிற காற்று எவ்வளவு அதைக் குளிர்விக்கிறது என்பதை வைத்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். மெக்கானிக் அண்ணன் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார், கம்பி மேல் இளஞ்சிவப்பாக ஒரு பிசுக்கு, அதில் மாவு மாதிரி தூசி. அதற்கென்று இருக்கும் ஸ்ப்ரே அடித்துக் காயவிட்டு மாட்டியதும் வண்டி பழையபடி ஆகிவிட்டது. சரியான அளவில் எண்ணெய் போட்டால் சென்சாருக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் ஃபில்டர் கம்பெனிகள் சொல்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சரியான அளவைப் பட்டறையில் யார் பார்க்கிறார்கள்? எல்லாக் காரிலும் இந்த சென்சார் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் கார்கள் பலவற்றில் அழுத்தத்தை அளக்கும் வேறு வகை சென்சார் இருக்கும், அதற்கு இந்தத் தொல்லை குறைவு.

எனக்கு மனசை மாற்றியது அதுகூட இல்லை. ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் உள்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். புது ஃபில்டர் போட்ட அன்றைக்கே ஹோஸை நன்றாகத் துடைத்து வைத்திருந்தேன், ஏழு மாதம் கழித்துத் துடைத்தால் துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், விரலில் தேய்த்தால் நறநறவென்றது. கழுவாமல் மாற்றிவிடும் சாதாரணக் காகித ஃபில்டர் போட்டிருந்த பெட்ரோல் வண்டியிலும் அதே நாளில் துடைத்து, அதே நாளில் பார்த்தேன், துணியில் லேசான ஆயில் ஈரம் மட்டும்தான். வேறு வேறு வண்டி, வேறு வேறு இன்ஜின், இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் இன்ஜினைப் பற்றி முடிவெடுக்க எனக்கு அது போதும்.

மைலேஜ் விஷயத்துக்கு வருகிறேன், அதிகம் ஏமாறுவது இதில்தான். அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஓடிய கம்ப்யூட்டர் இல்லாமல் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டர் காலத்தில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், அது உண்மை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் இதைச் சோதித்தபோது, பழைய கார்பரேட்டர் காரில் அடைத்த ஃபில்டரை மாற்றினால் 2 முதல் 6 சதவீதம் மைலேஜ் கூடியது, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்ஷன் கார்களில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். மிதிக்கும்போது வேகம் பிடிப்பது குறையும், அதை அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் நன்றாக அடைத்துப்போன ஃபில்டரை வைத்துப் பார்த்த கணக்கு. பெட்ரோல் காரில் பாதி ஆக்சிலரேட்டரில் போகிறபோது, காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் வால்வே காற்றைப் பாதி மறித்துக்கொண்டுதான் நிற்கிறது, அங்கே ஃபில்டரில் கொஞ்சம் கூடுதலாகக் காற்று விட்டு என்ன கிடைக்கும்?

காசுக் கணக்கு இதைவிடச் சுலபம். என் டீசல் வண்டிக்குக் காகித ஃபில்டர் 600 ரூபாய். எங்கள் தூசிக்கு 15,000 கிலோமீட்டருக்கு ஒன்று மாற்றுகிறேன். நான் செலவழித்த 7,300 ரூபாய்க்குப் பன்னிரண்டு ஃபில்டர் வரும், அதாவது 1,80,000 கிலோமீட்டர். 350 ரூபாய் ஃபில்டர் போடும் சின்ன பெட்ரோல் வண்டிக்கு அதே கணக்கு மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சென்னையில் இருக்கும் என் மச்சானுக்கு இது வேறு மாதிரி, அவர் காருக்குக் கம்பெனி ஃபில்டர் 2,500 ரூபாய், ஓடுவது முழுக்கத் தார் ரோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பொறுமையாகக் கழுவி, நிழலில் ராத்திரி முழுக்கக் காயவைத்து, அளவாக எண்ணெய் போடுகிறார். அவருக்கு மூன்றே முறையில் காசு திரும்பிவிடும், குப்பைக்குப் போகும் ஃபில்டரும் மிச்சம். அவரை நான் தடுக்கவில்லை, அவர் செய்வது அவருக்குச் சரி. ஆனால் வாடகை வண்டிக்கு ஒரு ராத்திரி நிற்க நேரம் ஏது, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தத் துணி காயவே காயாது, ஈரத்தோடு எண்ணெய் போட்டால் பிடிக்காது.

இன்னொன்று. காகிதமே போதும் என்பவர்கள் அதையும் கழுவும் ஃபில்டர் மாதிரி நடத்துவதைப் பார்க்கிறேன். பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் குழாயை ஃபில்டருக்கு ஒட்டிப் பிடித்து, அதுவும் அழுக்குப் பக்கத்திலிருந்தே அடிக்கிறார்கள். எங்கள் ஸ்டாண்டில் ஒரு தம்பியின் ஃபில்டரை வாங்கிப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன், மடிப்பு ஓரத்தில் மூன்று இடத்தில் ஊசி குத்திய மாதிரி வெளிச்சம் வந்தது. பார்க்கச் சுத்தமாக இருந்த ஃபில்டர் அது. காகித ஃபில்டரில் கொஞ்சம் தூசி படிந்தால் அந்தத் தூசியே அடுத்த தூசியைப் பிடிக்கும், புதிதைவிட நன்றாகவே வடிகட்டும், அதனால் மேலாகத் தட்டிவிட்டு, நேரம் வந்ததும் மாற்றிவிடுவதுதான் நல்லது. 350 ரூபாயை மிச்சம் பிடித்து இன்ஜினை ஓட்டை வழியாக விடாதீர்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஐஎஸ்ஓ 5011 என்று ஏர் ஃபில்டருக்கு ஒரு சோதனை முறை உண்டு, அளந்த தூசியை விட்டு எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தாண்டியது என்று பார்ப்பார்கள். கடையில் எனக்குக் காட்டிய பெட்டிகளில் குதிரைசக்தி கூடும் என்று பெரிதாகப் போட்டிருந்தது, இந்தச் சோதனையில் எத்தனை சதவீதம் தூசியைப் பிடித்தது என்ற எண் எதிலும் இல்லை. 99 சதவீதமும் 97 சதவீதமும் கேட்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் உள்ளே போகும் தூசி ஒன்றுக்கு மூன்று மடங்கு. அடுத்த முறை இப்படி ஒரு பொருளைப் பற்றி எழுதும்போது அந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், கூடவே எண்ணெய் எவ்வளவு போட வேண்டும் என்று ஒரு படமும் போடுங்கள், பட்டறைப் பையன்கள் பார்க்கட்டும். என் இரண்டு வண்டியிலும் துடைத்த துணிகளை எடுத்து வைத்திருக்கிறேன், உங்கள் நிருபர் இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
அரியலூர்.