ராசிபலனுக்குப் பக்கத்தில் ஒரு வரி வானம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்த முழு சந்திர கிரகணத்தையொட்டி, எந்தெந்த நட்சத்திரக்காரர்கள் பரிகாரம் செய்ய வேண்டும், எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள் என்று நம் நாளிதழில் விவரமாகப் போட்டிருந்தீர்கள். வேண்டிய செய்திதான். எங்கள் வீட்டிலும் அதைப் பார்த்துத்தான் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்தோம். ஆனால் சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, 11 மணியிலிருந்து 12.20 வரை நிலா முழுக்கச் சிவந்து நிற்கும் என்று ஒரு வரி இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ பேர் மொட்டை மாடிக்கு வந்திருப்பார்கள். எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள்தான் வந்தோம். மேகம் விட்டு விட்டுத்தான் காட்டியது. பூமியின் காற்று வழியே வளைந்து போகும் வெளிச்சம்தான் நிலாவில் சிவப்பாக விழுகிறது. அதாவது அந்த நேரத்தில் உலகத்தில் எங்கெல்லாம் சூரியன் உதிக்கிறதோ, எங்கெல்லாம் மறைகிறதோ, அத்தனை செவ்வானமும் சேர்ந்து விழுகிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்ததால் எனக்கு உள்ளே போகவே மனம் வரவில்லை.

நான் லாசுப்பேட்டையில் பால் பூத் நடத்துகிறேன். பத்தாவது வரை படித்தவள். விடியற்காலை நாலு மணிக்குப் பால் வண்டி வந்துவிடும். பெட்டிகளை இறக்கி, எண்ணி அடுக்கி, பாக்கெட் ஏதும் ஒழுகுகிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் முதல் ஆள் வந்து நிற்பார். பூத்துக்கு எதிரே இரண்டு வீடுகளுக்கு நடுவில் கிழக்கு வானம் கொஞ்சம் திறந்திருக்கும். அங்கே தெரியும் பெரிய நட்சத்திரம் விடிவெள்ளி என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தது அவ்வளவுதான்.

போன மாதம் ஒன்றுக்கு இரண்டாக நின்றன. ஆகஸ்ட் 12 அன்று இரண்டும் ஒன்றை ஒன்று தொடுவது போல நெருங்கிவிட்டன. தினம் அரை லிட்டர் வாங்க வரும் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரிடம் கேட்டேன். “பெரியது வெள்ளி, பக்கத்தில் இருப்பது வியாழன். ரெண்டுமே நட்சத்திரம் இல்லம்மா, கிரகம்” என்றார். மறுநாள் பைனாகுலர் கொண்டு வந்தார். கை ஆடாமல் இருக்க முழங்கையை பூத் பலகையில் ஊன்றிப் பார்க்கச் சொன்னார். வியாழன் சின்ன வட்டமாகத் தெரிந்தது. அதை ஒட்டி, ஒரே கோட்டில், ஊசியால் குத்தியது போல இரண்டு மூன்று புள்ளிகள். அவை வியாழனின் நிலாக்களாம். ஆட்டோ ஓட்டும் தம்பி வாங்கிப் பார்த்தார். பூக்கார அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். கோலம் போட வந்த எதிர் வீட்டு அம்மா, கையில் ஒட்டியிருந்த மாவைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். அவசரமாக வந்தவர்கள்கூட அன்று சில்லறைக்கு முணுமுணுக்கவில்லை.

அதற்கப்புறம்தான் வாத்தியார் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளரின் கதையைச் சொன்னார். என் மகளை செல்போனில் தேடி எடுத்துப் படித்துக் காட்டச் சொன்னேன். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி ஒரு கரும்புள்ளியாக நகர்ந்து போவதைப் பல ஊர்களிலிருந்து அளந்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். அதற்காக 1760இல் பிரான்சிலிருந்து நம் புதுச்சேரிக்குக் கிளம்பியவர் லெ ஜென்டில். வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பிவிட்டது. 1761 ஜூன் 6 அன்று, ஆடும் கப்பலில் நின்றபடி, எதையும் சரியாக அளக்க முடியாமல் பார்த்தார். அடுத்தது எட்டு வருஷம் கழித்து. ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். லாசுப்பேட்டைக்குப் பெயர் தந்த அந்த லா துரை அப்போது கவர்னர். இடிந்து கிடந்த கோட்டையில் அவருக்காக ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தார். 1769 ஜூன் 4 விடியற்காலை மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகுதான் சூரியன் வெளியே வந்தது.

இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். என் மனதில் நின்றது வேறு. புதுச்சேரியில் இருந்த நாட்களில் அவர் இங்கே ஒரு தமிழரிடம் உட்கார்ந்து நம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். பெரிய விஞ்ஞானி, நாற்பது வயதைக் கடந்தவர், மாணவனாக உட்கார்ந்தார். நம் ஆள் தரையில் சோழிகளை வைத்து, எண்களைச் சொற்களாக்கிக் கோத்த, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிக் கணக்குப் போட்டார். 1765 ஆகஸ்ட் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தை நம் ஆளின் முறை 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற, மேயர் என்ற வானியலாளர் போட்ட அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது. 1825இல், ஆங்கிலேயக் கம்பெனியில் வேலை பார்த்த வாரன் என்பவரும் இதே ஊரில் ஒரு பஞ்சாங்கக்காரர் சோழி வைத்து ஒரு சந்திர கிரகணத்தைக் கணிப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். அந்தக் கிரகணத்தின் தொடக்கம் நாலு நிமிஷம்தான் பிசகியது. நடுவும் முடிவும் அதைவிட நிறையவே தவறின. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஏடு, பேனா எதுவும் இல்லாமல், ஆசான் வாயிலிருந்து மாணவன் காதுக்கு வந்த கணக்கு அது. வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கும் நாம் எல்லாரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

அந்த எட்டு வருஷக் கணக்கையும் வாத்தியார் ஒரு பால் அட்டையின் பின்புறம் போட்டுக் காட்டினார். எட்டு வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளி ஏறக்குறைய அதே தேதியில் அதே இடத்துக்கு வந்துவிடும். 2033 ஆகஸ்டில் பால் இறக்கும்போதும் அது எதிர்வீட்டுச் சந்தில் நிற்கும். சூரியனைக் கடப்பதும் அதனால்தான் எட்டு வருஷ இடைவெளியில் இரட்டையாக வருகிறது: 1761, 1769, பிறகு நம் காலத்தில் 2004, 2012. இனி 2117 டிசம்பரில்தான். என் பேரப்பிள்ளைகளுக்கே கிடைக்காது. ஆனால் விடிவெள்ளியைப் பார்க்க யாரும் நூறு வருஷம் காத்திருக்க வேண்டாம், பால் வாங்க வந்தால் போதும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், ராசிபலன் எல்லாம் அப்படியே இருக்கட்டும். நானும் தினம் படிப்பவள்தான். அதே கட்டத்தில் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்: இன்று நிலா எத்தனை மணிக்கு உதிக்கும், எந்தக் கிரகம் எந்தத் திசையில் தெரியும். எங்கள் பகுதியிலேயே அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. அங்கே கேட்டால் சரியான விவரம் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளைத்தான் எப்போதும் அழைத்துப் போகிறார்கள். பெரியவர்களுக்கும் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் தொலைநோக்கி வைத்துக் காட்டினால் எங்களைப் போன்றவர்கள் கட்டாயம் வருவோம். பள்ளிக்கூடத்தில் விட்டுப்போனதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆசை ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்கு அதிகமாகியிருக்கிறது. என் வாடிக்கையாளர்களிடமும் அதைப் பார்க்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை, 19ஆம் தேதி, விடியற்காலை ஐந்து மணிக்குக் கிழக்கே பார்த்தால் விடிவெள்ளியை ஒட்டியே மகம் நட்சத்திரம் இருக்கும், சற்று மேலே தேய்பிறைக் கீற்று நிலா நிற்கும். வியாழக்கிழமை இதழிலேயே இதைப் போட்டுவிடுங்கள். அன்றைக்கு பைனாகுலர் கொண்டு வருவதாக வாத்தியார் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லாசுப்பேட்டை, புதுச்சேரி.