2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: பெரிய போட்டி முடிந்த மறுவாரம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரே, சங்கத்துத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாக சபை மாதம் ஒருமுறை தவறாமல் கூடியது. டிசெம்பரில் மட்டும் கூட முடியவில்லை, காரணம் உங்களுக்கே தெரியும், பின்னால் அதையும் சொல்கிறேன். கூட்டக் குறிப்புகள் கோவையில் இருக்கின்றன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே எனக்குத் தந்த நேரத்தை ஒரே விஷயத்துக்குச் செலவழிக்கிறேன்: பெரிய ஈஸ்போர்ட்ஸ் போட்டிகளை, அதாவது கணினியிலும் கைத்தொலைபேசியிலும் விளையாடும் போட்டிகளை, நம் திருகோணமலை மண்டபத்தில் திரையில் சேர்ந்து பார்க்க வருகிறவர்கள் மறுவாரம் ஏன் வருவதில்லை?

சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு உறுப்பினரின் தகப்பனார் எழுந்து என்னிடம் கேட்டார்: "தம்பி, பெரிய மேட்ச் அன்றைக்கு வாசல் நிறையச் செருப்பு கிடக்குது. அடுத்த கிழமை வந்து பார்த்தா நீங்க நாலு பேர்தான் இருக்கிறீங்க. அப்ப உங்கட ஆக்களுக்கு விருப்பம் விளையாட்டிலயா, கூட்டத்திலயா?" அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்த ஆண்டு முழுக்கத் திரையிடல்களை நடத்தினோம். இறுதிப் போட்டிக்கு வந்தவர்களில் அடுத்த மூன்று கிழமைகளுக்குள் யார் திரும்பி வந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தோம்.

முதலில் ஜூன் மாதம். அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் மேஜர் எனும் பெரிய தொடரின் இறுதி, விட்டாலிட்டி அணியும் தி மங்கோல்ஸ் அணியும். நமக்கு அது நடுச்சாமம். உவர்மலை, பாலையூற்றுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பாய் கொண்டுவந்து படுத்துக்கொண்டே பார்த்தார்கள். விட்டாலிட்டி 2-1 என்று வென்றது. ஆனால் அன்றைக்கு நம் ஆட்கள் மனதில் நின்றது தோற்ற அணி. மங்கோலியாவின் சனத்தொகை ஏறத்தாழ 35 இலட்சம், இலங்கையில் ஆறில் ஒரு பங்கு. அந்த நாட்டுப் பொடியன்கள் மேஜர் இறுதிவரை வந்துவிட்டார்கள் என்றால் அது நம்மைப் போன்ற சின்ன ஊர்க்காரருக்குச் சும்மா விஷயம் இல்லை. அதற்குப் பிறகு மங்கோல்ஸ் விளையாடும் நாள் எது என்று ஆட்கள் தாங்களாகவே தேடத் தொடங்கினார்கள். ஓகஸ்டில் ரியாத்தில் நடந்த ஈஸ்போர்ட்ஸ் உலகக் கிண்ணத்தில் அதே அணி கவுண்டர் ஸ்ட்ரைக் பட்டத்தை வென்றபோது, நாங்கள் அறிவித்தல் ஒன்றும் போடாமலே மண்டபத்தில் ஆள் இருந்தது. ஜூனில் பாயோடு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பெயர் ஓகஸ்ட் பக்கத்திலும் இருக்கிறது.

செப்டெம்பர் வேறு கதை. ஜேர்மனியின் ஹம்பர்க்கில் டோட்டா 2 விளையாட்டின் ஆண்டுப் பெருந்தொடரான தி இன்டர்நேஷனல் இறுதி. ஃபால்கன்ஸ் அணி எக்ஸ்ட்ரீம் கேமிங்கை 3-2 என்று வென்றது. எக்ஸ்ட்ரீம் அணியின் ஆமெ என்ற வீரர் இதற்கு முன் 2018 இல் வன்கூவரிலும் 2021 இல் புக்கரெஸ்டிலும் இறுதிவரை வந்து, இரண்டு முறையும் 3-2 என்றே தோற்றவர். மூன்றாவது தடவையும் அதே கணக்கு. ஐந்தாவது ஆட்டம் முடிந்ததும் மண்டபத்தில் ஒருவரும் எழும்பவில்லை. நமது உறுப்பினர் ஒருவர் சாரத்தின் தலைப்பால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். விளையாட்டு மனதுக்குள் இறங்கியிருக்கிறது என்பதற்கு எனக்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆனாலும் அடுத்த கிழமை வந்தவர்கள் ஏழு பேர். ஏன்?

இதை யோசித்துப் பார்த்தோம். பரிசுப் பணம் குறைந்ததுதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. தி இன்டர்நேஷனலின் பரிசு 2021 இல் 4 கோடி டொலர். 2023 இல் அது 31 இலட்சம் டொலர் அளவுக்கு இறங்கியது, அதாவது பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் உச்சம் 27 இலட்சத்திலிருந்து 14 இலட்சமாகக் குறைந்தது, அதாவது பாதி. பணம் போன வேகத்தில் சனம் போகவில்லை. டோட்டாவில் வேறொரு இழப்பு நடந்திருக்கிறது. 2023 வரை டோட்டாவை உருவாக்கிய வல்வ் நிறுவனமே புள்ளிக்கணக்கோடு கூடிய பருவம் ஒன்றை நடத்தியது, கிழமைக்குக் கிழமை பிராந்திய லீக் இருந்தது. பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது வெவ்வேறு அமைப்பாளர்கள் வெவ்வேறு பெயரில் நடத்துகிறார்கள். போட்டிக்குக் குறைவில்லை. ஆனால் எது எதோடு சேர்கிறது, இன்றைக்குத் தோற்றால் என்ன நடக்கும் என்பது புதிதாக வந்த ஒருவருக்கு விளங்காது. விளங்காத இடத்தில் எவ்வளவு நேரம்தான் கதிரையில் இருப்பது?

உச்ச எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. 2024 இலண்டனில் நடந்த, லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ் என்ற இன்னொரு கணினி விளையாட்டின் உலக இறுதியை, சீனத் தளங்களைக் கணக்கில் எடுக்காமலே, ஒரு கட்டத்தில் 69 இலட்சம் பேர் பார்த்தார்கள் என்பதைத் தம்பிமார் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டிய எண்ணிக்கைதான். ஆனால் அது ஒரு நிமிடத்தின் கணக்கு. அந்தப் பருவத்தில் சாதாரண செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் எத்தனை மணித்தியாலம் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளையாட்டின் உடல்நலம் தெரியும். அதனால்தான் நானும் இங்கே வாசல் செருப்பை எண்ணாமல் கொப்பியைப் பார்த்துப் பேசுகிறேன்.

கைத்தொலைபேசி விளையாட்டுப் பக்கம் இன்னொன்றைக் காட்டுகிறது. 2021 இல் சிங்கப்பூரில் நடந்த ஃப்ரீ ஃபயர் உலகத் தொடரின் உச்சம் 54 இலட்சம், அந்நேரத்தில் அது சாதனை. 2022 பெப்ரவரியில் இந்தியா அந்த விளையாட்டைத் தடைசெய்தது. கையிலிருந்து விளையாட்டு போனால் பார்க்கிற பழக்கமும் மெல்லப் போய்விடும். நமது கொப்பியிலும் அப்படித்தான்: திரும்பி வந்தவர்களில் அநேகர், திரையில் பார்த்த விளையாட்டைத் தாங்களும் விளையாடுகிறவர்கள்.

நவம்பர் 9 ஆம் திகதி செங்டுவில் லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ் உலக இறுதி. டி1 அணி கேடி ரோல்ஸ்டரை 3-2 என்று வென்று தொடர்ந்து மூன்றாவது முறையாகப் பட்டம் எடுத்தது. மறுநாள் உயர்தரப் பரீட்சை தொடக்கம். ஏ/எல் பிள்ளைகள் வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம், வாசலில் வந்து நின்ற இருவரைத் தலைவரே தன் ஓட்டோவில் வீட்டில் கொண்டுபோய் விட்டார். கூட்டம் குறைவுதான். ஆனால் இறுதிப் போட்டியின் சிறந்த வீரராகத் தெரிவான குமாயுசி ஒரு கிழமை கழித்து டி1 இலிருந்து விலகுகிறார் என்ற செய்தி வந்ததும், எமது வட்சப் குழுவில் இறுதி நாளைவிட அதிகம் பேச்சு. போட்டியே இல்லாத மாதத்திலும் ரசிகர்கள் அணி மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆர்வத்தை நாம் மண்டபத்துக்குள் கொண்டுவரவில்லை. அது எங்கள் குறை.

அப்புறம் நவம்பர் இறுதியில் டித்வா புயல். மூதூர்ப் பக்க உறுப்பினர்களின் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. பரீட்சையின் எஞ்சிய பாடங்கள் ஜனவரிக்குத் தள்ளிப்போயின. மண்டபத்தில் உலருணவுப் பொதிகள் அடுக்கினோம். டிசெம்பர் 14 புடாபெஸ்ட் மேஜர் இறுதியைத் திரையிடவில்லை. அந்த நாட்களில் தோளில் மூட்டை சுமந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் சங்கத்தின் நன்றி.

இனி, பயன் தந்த ஒரு முயற்சியைப் பற்றி. ஒக்டோபரில் சனிக்கிழமை மாலைகளில், முந்திய கிழமை நடந்த ஒரு ஆட்டத்தின் பதிவைப் போட்டு நம் உறுப்பினர்களே தமிழில் வர்ணனை சொல்வது என்று ஒரு தங்கை யோசனை சொன்னார். முடிவு தெரிந்த ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று நான் எதிர்த்தேன். நான் நினைத்தது பிழை. முதல் கிழமை ஒன்பது பேர், நான்காம் கிழமை இருபத்தாறு பேர். இரவு விழிக்கத் தேவையில்லை, டேட்டாவும் செலவாகாது, பெண்பிள்ளைகள் ஏழு மணிக்கு முன் வீடு போய்விடலாம். நடுவில் நிறுத்தி விளக்கலாம். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஒரு அணி வேண்டுமென்றே மலிவான துப்பாக்கியோடு ஒரு சுற்றை விட்டுக்கொடுத்துக் காசு சேர்ப்பதை அந்தத் தங்கை விளக்கியபோது, பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "ஓ, சீட்டுக் காசு எடுக்காமல் விட்டு வைக்கிற மாதிரி" என்றார். அதன்பின் ஒவ்வொரு கிழமையும் அவர் வந்தார். அந்தக் கேள்வி கேட்ட தகப்பனாரும் இரண்டு தரம் வந்திருக்கிறார்.

ஐயா, உங்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். பத்திரகாளி அம்மன் தேருக்கு வருகிற சனம் முழுவதும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருவதில்லை. அதற்காகத் தேருக்கு வந்தவர்களுக்குப் பக்தி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு மணி எத்தனைக்கு அடிக்கும் என்று தெரியும், பக்கத்தில் நிற்கப்போகிறவர் யாரென்றும் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டில்தான் விருப்பம். நாங்கள்தான் தேர் மட்டும் இழுத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தோம்.

ஆகவே 2026 க்கு நிர்வாக சபை வைக்கும் முன்மொழிவு: சனிக்கிழமைத் தமிழ் வர்ணனை ஆண்டு முழுவதும் நடக்கட்டும், பெரிய திரையிடலுக்கான செலவில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்குவோம். சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி, இலங்கை நேரத்தில். சியோலில் மாலை ஐந்து மணி என்றால் நமக்குப் பகல் ஒன்றரை, அதைக்கூட இதுவரை யாரும் எழுதிப் போடவில்லை. ஓகஸ்டில் தி இன்டர்நேஷனல் ஷாங்காயில், செப்டெம்பரில் நாகோயா ஆசிய விளையாட்டு விழாவில் ஈஸ்போர்ட்ஸ், இரண்டும் நாம் நித்திரை முழிக்கத் தேவையில்லாத நேரங்கள். லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ் உலகக் கிண்ணம் அமெரிக்காவில் என்பதால் அதை மறுநாள் பதிவாகவே போடலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம், சபை தீர்மானிக்கட்டும். பரீட்சைக் காலத்தில் திரையிடல் இல்லை, அதில் மாற்றமில்லை.

வருகைக் கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் உங்கள் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், விடுபட்டவர்கள் சொல்லுங்கள். அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன். முன்மொழிபவர், வழிமொழிபவர் கையை உயர்த்தவும்.

செயலாளர்,
திருகோணமலை.